பணி முகவரியின் கைமாற்றம்: சர்வர்க் குழுக்களில் தோன்றும் பிழைகளும் அவற்றைத் தீர்க்கும் முறையும்

நில உரிமைப் பதிவு, ஓய்வூதியக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு, தேர்வு முடிவு ஆகியன இன்று பெரும்பாலும் சர்வர்களில் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு சர்வர் நின்றுவிடின், மேசையின் முன் வரிசையில் நிற்பவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடுகிறது. ஒரு நாள் கூலியை இழந்து தொலைவிலிருந்து வந்த உழவருக்கு இது சிறு இழப்பன்று. இத்தகைய இடர் நேராதிருக்கவே, முக்கியமான பணிகளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சர்வர்களை ஒரு குழுவாக இணைத்து, ஒன்று நின்றால் மற்றொன்று உடனே பணியை ஏற்குமாறு அமைக்கின்றனர்.

ஆயினும், இவ்வாறு அமைத்த இடங்களிலும் பணி தடைப்படுவது உண்டு. முதற் சர்வர் நின்றது. இரண்டாவது சர்வர் பொறுப்பை ஏற்றது. அதன் பதிவேட்டிலும் “ஏற்றேன்” என்றே காணப்படுகிறது. எனினும் மேசையிலுள்ள கணினிக்கு விடை வரவில்லை. இரு யந்திரங்களிலும் குறை காணாத ஊழியர் செய்வதறியாது திகைக்கின்றனர். இத்தகைய நிலையில் குறை யந்திரத்துள் இருப்பதைவிட யந்திரங்களுக்கு இடையே இருப்பதே மிகுதி. ஒரு முகவரி ஒரு சர்வரிடமிருந்து மற்றொரு சர்வருக்குக் கைமாறும்போது என்னென்ன நிகழ வேண்டும், அவற்றுள் எது நிகழாவிடில் எவ்வகைப் பிழை தோன்றும், அதனை எவ்வாறு கண்டறிந்து நீக்குவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை முகவரிகள்

ஒரு வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் இருவகை முகவரிகள் உண்டு. முதலாவது ஐ.பி. முகவரி. நான்காம் பதிப்பு முறையில் இது 32 பிட் நீளமுடையது, 10.20.30.10 என்பதுபோல் நான்கு எண்களாக எழுதப்படும். இதனை நிர்வாகி விரும்பியவாறு வழங்கலாம், மாற்றலாம். இரண்டாவது மேக் முகவரி. இது 48 பிட் நீளமுடையது. ஈதர்நெட் அட்டையைச் செய்யும்போதே அதில் பொறிக்கப்படுவது.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அலுவலக வழக்கத்தைக் கொண்டு எளிதில் விளக்கலாம். “மாவட்டக் கல்வி அலுவலர்” என்பது ஒரு பதவியின் பெயர். அப்பதவியில் இன்று ஒருவர் இருப்பார், நாளை வேறொருவர் வருவார். பதவிப் பெயரைப் போன்றது ஐ.பி. முகவரி. அப்பதவியில் அமர்ந்திருக்கும் ஆளைப் போன்றது மேக் முகவரி. கடிதம் எழுதுவோர் பதவிப் பெயரையே எழுதுகின்றனர். ஆயின் கடிதத்தைக் கையில் கொடுக்கும் ஊழியருக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே வலையமைப்பில் ஒரு கணினி மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப விரும்பினால், “10.20.30.10 என்னும் முகவரி யாருடையது?” என்று யாவரும் கேட்கும்படி வினவும். உரியவர் தம் மேக் முகவரியை விடையாகத் தருவார். 1982ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 826 என்னும் ஆவணத்தில் வகுக்கப்பட்ட இம்முறைக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். ஒவ்வொரு முறையும் வினவுவது வீண் என்பதால், பெற்ற விடையைக் கணினி ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொண்டு சிறிது காலம் பயன்படுத்துகிறது. கைமாற்றத்தில் தோன்றும் இடர்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்பட்டியலே பிறப்பிடம்.

கைமாற்றம் நிகழும் விதம்

ஒரு மாவட்ட அலுவலகத்தில் இரு சர்வர்கள் உள்ளன என்று கொள்க. முதலாவதன் சொந்த முகவரி 10.20.30.11, இரண்டாவதன் சொந்த முகவரி 10.20.30.12. மேசைக் கணினிகள் இவ்விரண்டையும் அறியா. அவை நாடுவது 10.20.30.10 என்னும் மூன்றாவது முகவரியை. இதனைப் பணி முகவரி என்று அழைக்கலாம். எந்தச் சர்வர் பொறுப்பில் உள்ளதோ அதன்மீது இம்முகவரி ஏற்றப்படும்.

பொறுப்பிலுள்ள சர்வர் தான் நலமாக இருப்பதைக் குறித்த இடைவெளியில் அறிவித்துக்கொண்டே இருக்கும். இதனை நாடித்துடிப்பு என்பர். இதற்குப் பரவலாக வழங்கும் முறைகளுள் ஒன்று வி.ஆர்.ஆர்.பி. என்பது. 1998இல் முதன்முதல் வகுக்கப்பட்ட இம்முறை 2004, 2010, 2024 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. லினக்ஸ் சர்வர்களில் கீப்அலைவ்டி என்னும் மென்பொருள் இம்முறையைக் கையாளுகிறது. இதன்படி பொறுப்பிலுள்ள சர்வர், வேறு ஏற்பாடு செய்யாவிடில், வினாடிக்கு ஒரு முறை 224.0.0.18 என்னும் குழு முகவரிக்கு அறிவிப்பு அனுப்பும். மூன்று அறிவிப்புகள் வராமற்போய், அதன்மேல் ஒரு சிறு காலமும் கழிந்தால் துணைச் சர்வர் பொறுப்பை ஏற்கும். அச்சிறு காலம் சர்வரின் முன்னுரிமை எண்ணைப் பொறுத்தது: 256இலிருந்து அவ்வெண்ணைக் கழித்து 256ஆல் வகுத்தால் வருவதே அது. துணைச் சர்வரின் முன்னுரிமை எண் 100 எனில், அது 156/256, அதாவது ஏறத்தாழ 0.61 வினாடி. ஆகவே மொத்தக் காத்திருப்பு 3.61 வினாடி.

பொறுப்பிலுள்ள சர்வரை முறைப்படி நிறுத்தினால் நிலைமை வேறு. அது விடைபெறும்போது முன்னுரிமை 0 என்று குறித்து ஓர் இறுதி அறிவிப்பை அனுப்புகிறது. அதனைக் கண்ட துணைச் சர்வர் மூன்று வினாடி காத்திராமல் 0.61 வினாடியிலேயே பொறுப்பேற்கிறது. சர்வரை முறைப்படி நிறுத்தி ஒத்திகை பார்த்துத் திருப்தியுறுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். விபத்தில் நிற்கும் சர்வர் விடைபெற்றுக்கொண்டு செல்வதில்லை.

பொறுப்பேற்ற துணைச் சர்வர் இரு செயல்களைச் செய்ய வேண்டும். பணி முகவரியைத் தன்மீது ஏற்றிக்கொள்ளுதல் ஒன்று. “இனி 10.20.30.10 என்பது என் மேக் முகவரிக்கு உரியது” என்று, எவரும் கேளாமலே யாவருக்கும் அறிவித்தல் மற்றொன்று. ஏ.ஆர்.பி. முறையிலேயே விடுக்கப்படும் இவ்வறிவிப்பைக் கேளா அறிவிப்பு எனலாம். அரசு அலுவலகத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற அலுவலரின் மாதிரிக் கையொப்பத்தைக் கருவூலத்திற்கு அனுப்பும் வழக்கத்தை இது ஒத்தது. அலுவலர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார் என்பதால் மட்டும் அவருடைய பில்கள் செல்லுபடியாகிவிடா. கருவூலம் அவருடைய கையொப்பத்தை அறிந்திருக்க வேண்டும். சர்வர்க் குழுவிலும் இவ்வாறே.

முதற் பிழை: அயலார் அறியாமை

மேற்கூறிய அலுவலகத்தில் ஒரு நாள் காலை 10:15 மணிக்கு முதற் சர்வரின் மின்வழங்கி பழுதாயிற்று என்று கொள்க. நான்கு வினாடிக்குள் துணைச் சர்வர் பொறுப்பேற்றது. அதே கட்டடத்திலுள்ள மேசைகளில் வேலை ஏறத்தாழத் தடையின்றி நடந்தது. ஆயின் வட்ட அலுவலகங்களிலிருந்து ரவுட்டர் வழியாக வருவோர் எவருக்கும் விடை கிடைக்கவில்லை. தொலைபேசியில் முறையீடுகள் வந்தன. ஊழியர் துணைச் சர்வரை இருமுறை நிறுத்தி இயக்கினர், பயன் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் யாரும் எதுவும் செய்யாமலே யாவும் சீராயிற்று. குறை தானே தோன்றித் தானே மறைந்தது என்று எழுதிக் கோப்பு மூடப்பட்டது.

இவ்வாறு கோப்பை மூடுவது தகாது. காரணம் இது: கட்டடத்திலுள்ள மேசைக் கணினிகள் கேளா அறிவிப்பைக் கேட்டுத் தம் பட்டியலைத் திருத்திக்கொண்டன. அதனைத் தவறவிட்டவையும் சில வினாடிகளிலோ ஒரு நிமிட அளவிலோ பழைய குறிப்பைச் சரிபார்த்து மாற்றிக்கொண்டன. ரவுட்டரோ வேறு வகையது. பெரிதும் வழங்கும் சிஸ்கோ ரவுட்டர்களில் ஏ.ஆர்.பி. குறிப்பின் ஆயுள், மாற்றப்படாவிடில், 14,400 வினாடி, அதாவது 4 மணி. பாதுகாப்புக் கருதி அந்த ரவுட்டர் கேளா அறிவிப்புகளை ஏற்காதவாறு அமைக்கப்பட்டிருந்தது. பொய்யான கேளா அறிவிப்பை விடுத்துப் பிறர் செய்தியைக் கவர்வது பழக்கமான ஒரு தாக்குதல் ஆதலின், அவ்வாறு அமைப்பதில் நியாயமும் உண்டு. இதன் விளைவாக ரவுட்டர், பழுதான சர்வரின் மேக் முகவரிக்கே செய்திகளைத் தொடர்ந்து அனுப்பிற்று. குறிப்பின் ஆயுள் முடிந்த பின்னரே மீண்டும் வினவி உண்மையை அறிந்தது.

இதனைக் கண்டறியத் தேவைப்படும் நேரம் இரண்டு நிமிடமே. ரவுட்டரின் ஏ.ஆர்.பி. பட்டியலைத் திறந்து, பணி முகவரிக்கு நேரே எந்த மேக் முகவரி உள்ளது என்று பார்த்தல் வேண்டும். துணைச் சர்வரின் மேக் முகவரியோடு அது ஒவ்வாவிடில் பிழை அங்கேதான். அக்குறிப்பை மட்டும் நீக்கினால் அந்நொடியே பணி மீளும்.

குறிப்பை நீக்குவது முதலுதவியே அன்றிச் சிகிச்சை அன்று. நிலையான தீர்வுகள் மூன்று. முதலாவது, சர்வர்கள் உள்ள வலையமைப்பை நோக்கிய ரவுட்டர் முனையில் குறிப்பின் ஆயுளை ஒரு நிமிட அளவிற்குக் குறைத்தல். இரண்டாவது, கேளா அறிவிப்பைத் தடுக்கும் விதியில் இவ்விரு சர்வர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தல்; சுவிட்சில் ஏ.ஆர்.பி. சோதனை இயங்குமாயின், பணி முகவரிக்கு இரு சர்வர்களின் மேக் முகவரிகளையும் பதிதல். மூன்றாவது, பணி முகவரியோடு மேக் முகவரியையும் கைமாறச் செய்தல். வி.ஆர்.ஆர்.பி. முறையில் இதற்கென 00-00-5இ-00-01 என்று தொடங்கி, குழு எண்ணில் முடியும் ஒரு பொது மேக் முகவரி ஒதுக்கப்பட்டுள்ளது. இதனைப் பயன்படுத்தினால் அயலாரின் பட்டியலில் எதையும் மாற்ற வேண்டுவதில்லை. சுவிட்ச் மட்டும் புதிய முனையை அறிந்தால் போதும். கீப்அலைவ்டியில் இவ்வசதி தானாக இயங்காது. நிர்வாகி கேட்டு அமைக்க வேண்டும்.

அறிவிப்பு விடுக்கப்பட்டும் வழியிலேயே தொலைந்துபோவதும் உண்டு. சுவிட்சுகளில் சுழல்வழியைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையின் பழைய வடிவத்தில், ஒரு முனை புதிதாக இணைந்தவுடன் 15 வினாடி கேட்டும் 15 வினாடி கற்றும் ஆக 30 வினாடி எச்செய்தியையும் கடத்தாது. கீப்அலைவ்டி பொறுப்பேற்றவுடன் ஒரு தொகுதி அறிவிப்பையும் 5 வினாடி கழித்து மறு தொகுதியையும் அனுப்புகிறது. பேஸ்மேக்கர் மென்பொருளில் முகவரியை ஏற்றும் உறுப்பு 200 மில்லிவினாடி இடைவெளியில் 5 அறிவிப்புகளை அனுப்புகிறது. இணைப்பு அறுந்து மீண்ட தருணத்திலேயே பொறுப்பேற்க நேர்ந்தால் இவை யாவும் அந்த 30 வினாடிக்குள் வீணாகும். சர்வர் இணைந்த முனைகளை உடனே கடத்தும் முனைகளாகச் சுவிட்சில் அமைப்பதும், அறிவிப்பை நிமிடத்திற்கு ஒரு முறை மீண்டும் விடுக்குமாறு மென்பொருளில் ஏற்பாடு செய்வதும் இதற்குத் தீர்வாகும்.

ஐ.பி. ஆறாம் பதிப்பு முறையில் ஏ.ஆர்.பி. இல்லை. அதற்கு ஈடாக அயலார் அறிவிப்பு என்னும் செய்தி விடுக்கப்படுகிறது. பெயர் வேறாயினும், அயலார் அறிந்தாலன்றிக் கைமாற்றம் நிறைவுறாது என்னும் நியதி ஒன்றே.

இரண்டாம் பிழை: இரு தலைமை

முதற் பிழையில் பணி முகவரியின் புதிய உரிமையாளரை எவரும் அறியவில்லை. இரண்டாம் பிழையில் உரிமையாளர் இருவர். இதுவே இரண்டினும் கொடியது.

துணைச் சர்வர் உண்மையில் அறிவது ஒன்றே: நாடித்துடிப்பு வரவில்லை. முதற் சர்வர் நின்றதாலும் அது வராதிருக்கலாம். இடையிலுள்ள கேபிள் அறுந்ததாலும் வராதிருக்கலாம். மௌனத்தை மரணமாகக் கொள்ளும் துணைச் சர்வர் பொறுப்பேற்றுவிடுகிறது. முதற் சர்வரோ நலமாகவே இருந்து தன் பொறுப்பை விடாதிருக்கிறது. சுவிட்சை மாற்றியபோது குழு முகவரிச் செய்திகள் தடைப்பட்டாலும், தீச்சுவர் விதியில் வி.ஆர்.ஆர்.பி.க்குரிய 112 என்னும் நெறிமுறை எண்ணை அனுமதிக்க மறந்தாலும் இந்நிலையே ஏற்படும்.

அப்போது சில மேசைகள் ஒரு சர்வரையும் சில மேசைகள் மற்றொன்றையும் அடைகின்றன. காலையில் ஒருவர் செய்த பட்டா மாற்றம் ஒரு சர்வரில் பதிகிறது; அதே நிலத்தின்மேல் மாலையில் வந்த அடைமானம் மற்றொரு சர்வரில் பதிகிறது. எது மெய் என்று பின்னர் எந்த மென்பொருளும் கூற இயலாது. பணி நின்றால் ஒரு நாள் இழப்பு. பதிவு பிளவுபட்டால் வழக்கும் வம்பும் ஆண்டுக்கணக்கில் நீளும்.

மௌனத்தை மரணமாகக் கொள்வதன் விலையைக் காட்ட உலகறிந்த ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடலாம். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் என்னும் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்தில், பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும் வேலையின்போது இணைப்பு 43 வினாடி துண்டிக்கப்பட்டது. தானே இயங்கும் மேலாண்மைக் கருவி, மேற்குக் கரையிலுள்ள தரவுத்தளங்களைத் தலைமையாக்கிற்று. இணைப்பு மீண்டபோது, மேற்கில் இல்லாத சில பதிவுகள் கிழக்கிலும், கிழக்கில் இல்லாத பதிவுகள் மேற்கிலும் இருந்தன. அவற்றைச் சீர்செய்து பணியை முழு நிலைக்குக் கொணர 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. இது தரவுத்தளத் தலைமையின் கைமாற்றமே அன்றி முகவரியின் கைமாற்றம் அன்று. எனினும் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. 43 வினாடி மௌனத்தைப் பொறுத்திருந்தால் இழப்பு 43 வினாடியோடு முடிந்திருக்கும்.

இரு தலைமையைக் கண்டறிய மூன்றாவது கணினி ஒன்றிலிருந்து ஆர்ப்பிங் என்னும் கருவியால் பணி முகவரியை வினவலாம். ஒரே வினாவிற்கு இரு வேறு மேக் முகவரிகளிலிருந்து விடை வருமாயின் உரிமையாளர் இருவர் என்பது உறுதி. அந்நிலையில் இரண்டையும் ஒருங்கே நிறுத்துவது தகாது. பதிவுகள் எதில் முழுமையாக உள்ளன என்று தேர்ந்து, மற்றதை வலையமைப்பிலிருந்து உடனே பிரித்து, அதன் பதிவுகளை அழியாமல் காத்தல் வேண்டும்.

இது நேராமல் தடுக்க மூன்று காவல்கள் உள்ளன. நாடித்துடிப்பிற்கு இரு தனித்தனி வழிகள் அமைத்தல் முதற் காவல். அவை இரண்டும் ஒரே சுவிட்சின் வழியே செல்லுமாயின் இரு வழிகள் ஆகா. இரண்டாவது கோரம். சபையில் பாதிக்கு மேற்பட்டோர் இருந்தாலன்றித் தீர்மானம் செல்லாததுபோல், பாதிக்கு மேற்பட்ட சர்வர்களின் தொடர்பு உள்ள பிரிவே பொறுப்பேற்கலாம் என்பது விதி. இரண்டே சர்வர்கள் உள்ள குழுவில் ஒன்று பிரிந்தால் எப்பக்கமும் பாதிக்கு மேல் இராது. ஆதலின் மூன்றாவதாக ஒரு சாட்சிக் கணினி வேண்டும். அது சிறிய யந்திரமாயினும் போதும்.

மூன்றாவது காவல் வேலியிடுதல். பொறுப்பேற்கும் சர்வர், பழைய சர்வரின் மின்சாரத்தை மேலாண்மைக் கருவி வழியாகத் துண்டித்து, துண்டிக்கப்பட்டது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே முகவரியை ஏற்கும். இங்கு ஒரு கண்ணி உண்டு. சர்வருள் அமைந்த மேலாண்மைக் கருவியும் அச்சர்வரின் மின்சாரத்திலேயே இயங்குகிறது. மின்வழங்கி முற்றும் பழுதானால் அக்கருவியும் விடை தராது. வேலியிட்டமை உறுதிப்படாததால் துணைச் சர்வர் பொறுப்பேற்காமலே காத்திருக்கும். இதற்கென மின்பகிர்வுப் பலகை வழியாகத் துண்டிக்கும் இரண்டாவது முறையையும் சேர்த்தமைத்தல் வேண்டும். ஊழியர் தாமே உறுதி அளிக்கும் வசதியும் உண்டு. ஆயின் யந்திரம் அணைந்திருப்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே அதனைப் பயன்படுத்தலாம். தொலைபேசியில் கேட்டு அளிக்கும் உறுதி உறுதியன்று.

வி.ஆர்.ஆர்.பி. முறையில் கோரமும் வேலியும் இல்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பதிவு எதனையும் தன்னிடம் வைத்திராத ரவுட்டர், சுமைபகிர்வி போன்றவற்றிற்கு அது போதும். பதிவேடுகளைத் தாங்கும் சர்வர்களுக்குக் கோரோசிங்க், பேஸ்மேக்கர் போன்று அக்காவல்களை உடைய அமைப்பே ஏற்றது.

மூன்றாம் பிழை: முகவரி வந்தும் பணி வாராமை

சில வேளைகளில் பணி முகவரி துணைச் சர்வருக்கு வந்துவிடும். பிங் விடை தரும். ஆயின் பயன்பாடு திறவாது. பயன்பாடு முகவரிக்கு முன்னரே இயங்கத் தொடங்கியதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அப்போது பணி முகவரி அச்சர்வரில் இல்லாததால், அதன்மீது செவிசாய்க்க இயலாமல் பயன்பாடு தொடக்கத்திலேயே நின்றுபோயிருக்கும். முகவரி முதலில், பயன்பாடு அடுத்து என்று வரிசையை வகுத்து, இரண்டும் ஒரே சர்வரில்தான் இருக்க வேண்டும் என்று விதித்தல் ஒரு தீர்வு. இன்னும் வாராத முகவரியின்மீதும் செவிசாய்க்கலாம் என லினக்ஸ் அமைப்பில் அனுமதி அளித்தல் மற்றொரு தீர்வு.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. முதற் சர்வரில் பயன்பாடு உறைந்துபோயிருக்கும். ஆயின் நாடித்துடிப்பு தவறாமல் வந்துகொண்டிருக்கும். துணைச் சர்வர் குறையொன்றும் இல்லையெனக் கருதி வாளா இருக்கும். ஆதலின் சோதனை, யந்திரம் உயிரோடு உள்ளதா என்று கேட்பதோடு நில்லாமல், உண்மையான ஒரு வினாவைப் பயன்பாட்டிடம் தொடுத்து உரிய விடை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காம் பிழை: ஊசலாட்டம்

பழுதான முதற் சர்வர் மீண்டவுடன் தன் உயர்ந்த முன்னுரிமையைக் காட்டிப் பொறுப்பைத் திரும்பப் பெறுகிறது. சிறிது நேரத்தில் மீண்டும் நிற்கிறது. முகவரி இங்கும் அங்கும் ஊசலாடுகிறது. ஒவ்வொரு ஊசலிலும், நடுவில் இருந்த இணைப்புகள் அறுகின்றன. முகவரி கைமாறினாலும், அதுவரை நடந்துகொண்டிருந்த உரையாடல்கள் புதிய சர்வருக்குத் தெரியா என்பதே இதற்குக் காரணம். மீண்ட சர்வர் தானாகப் பொறுப்பைப் பறிக்கக் கூடாது என விதித்து, திரும்ப ஒப்படைப்பதை வேலை குறைந்த நேரத்தில் ஊழியரே செய்வது நன்று. கீப்அலைவ்டியில் இவ்விதி செல்லுபடியாக இரு சர்வர்களின் தொடக்க நிலையையும் துணை என்றே குறிக்க வேண்டும். ஒன்றைத் தலைமை என்று குறித்தால் விதி பயன்தராது.

ஒரே வலையமைப்பில் இரு வேறு குழுக்கள் தற்செயலாக ஒரே குழு எண்ணைக் கொண்டிருப்பதும் குழப்பத்தை விளைக்கும். 1 முதல் 255 வரை எண்கள் இருந்தும், மாதிரி அமைப்பைப் படியெடுப்போர் அதிலுள்ள எண்ணை மாற்ற மறப்பதால் இது நேர்கிறது. எந்த எண் எக்குழுவிற்கு உரியது என ஒரு பதிவேடு வைப்பது எளிய காப்பு.

மேகக் கணிமையில் உள்ள வேறுபாடு

வாடகைக்குப் பெறும் பெரிய மேகக் கணிமை வலையமைப்புகளில் கேளா அறிவிப்பு பெரும்பாலும் பயன்படுவதில்லை. அங்கு எந்த முகவரி எந்த யந்திரத்திற்கு உரியது என்பதை வழங்கும் நிறுவனத்தின் மேலாண்மை அமைப்பே தீர்மானிக்கிறது. சர்வர் எத்துணை உரக்க அறிவித்தாலும் கேட்பார் இல்லை. அங்குப் பொறுப்பேற்கும் சர்வர், அம்மேலாண்மை அமைப்பிடம் முறைப்படி விண்ணப்பித்து முகவரியையோ வழிப்பட்டியலையோ மாற்றச் செய்ய வேண்டும். அல்லது முன்னே சுமைபகிர்வி ஒன்றை நிறுத்த வேண்டும். அலுவலக அறையில் பழுதின்றி இயங்கிய அமைப்பை மேகத்திற்கு அப்படியே பெயர்ப்பவர் இதனை முதலில் கவனிக்கக் கடவர்.

ஆராயும் வரிசை

பணி தடைப்பட்டவுடன் யந்திரங்களை நிறுத்தி இயக்குவது அடையாளங்களை அழிக்கும். பின்வரும் வரிசையில் ஆராய்வதே முறை.

1. பணி முகவரி எச்சர்வரில் உள்ளது? இரு சர்வர்களையும் தனித்தனியே பார்க்க. ஒன்றிலும் இல்லையெனின் வேலியிடுதல் அல்லது கோரம் தடைப்பட்டுள்ளது. இரண்டிலும் உள்ளதெனின் இரு தலைமை.

2. ஒன்றில் மட்டும் உள்ளதெனின், ரவுட்டரும் ஒரு மேசைக் கணினியும் அம்முகவரிக்கு எந்த மேக் முகவரியைக் குறித்துள்ளன? தவறாயின் முதற் பிழை.

3. குறிப்பு சரியெனின், சுவிட்ச் அந்த மேக் முகவரியை எம்முனையில் கண்டுள்ளது? பழைய முனையையே காட்டினால் சுவிட்சை ஆராய்க.

4. யாவும் சரியெனின், செய்தி சர்வரை அடைகிறதா என டி.சி.பி.டம்ப் கருவியால் காண்க. அடைந்தும் விடை இல்லையெனின் மூன்றாம் பிழை.

5. கண்டதை நேரத்துடன் குறித்த பின்னரே எதனையும் மாற்றுக.

ஒத்திகை

ஒத்திகை பார்க்கப்படாத துணைச் சர்வர் இருந்தும் இல்லாததற்குச் சமம். விடுமுறை நாள் ஒன்றில், ரவுட்டருக்கு அப்பாலுள்ள கணினி ஒன்றிலிருந்து வினாடிக்கு ஒரு முறை பணி முகவரிக்குப் பிங் அனுப்பிக்கொண்டே நான்கு சோதனைகள் செய்க: முதற் சர்வரின் மின்சாரத்தை நிறுத்துதல், அதன் வலையமைப்புக் கேபிளைப் பிடுங்குதல், பயன்பாட்டை மட்டும் நிறுத்துதல், நாடித்துடிப்பு வழியை மட்டும் துண்டித்தல். ஒவ்வொன்றிலும் விடுபட்ட விடைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுக. பிங் மீண்டால் போதாது. பயன்பாடும் திறக்கிறதா எனப் பார்க்க. நான்காம் சோதனையில் ஒரு சர்வரே பொறுப்பில் இருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் ஒத்திகையை முடித்தல் கூடாது.

ஆசிரியர்க்கு

இப்பாடத்தைக் கணினி இன்றியே வகுப்பில் நடத்தலாம். இரு மாணவரைச் சர்வர்களாகவும், ஒருவரை ரவுட்டராகவும், நால்வரை மேசைக் கணினிகளாகவும் நிறுத்துக. பணி முகவரியை ஓர் அட்டையில் எழுதி முதல் மாணவரிடம் கொடுக்க. ஏனையோர் “அட்டை யாரிடம்?” என்று கேட்டுப் பெற்ற விடையைத் தத்தம் தாளில் குறித்துக்கொண்டு, அத்தாளைப் பார்த்தே சீட்டுகளை அனுப்பட்டும். பின்னர் அட்டையை ஓசையின்றி இரண்டாம் மாணவருக்கு மாற்றுக. சீட்டுகள் பழைய மாணவரிடமே சேர்வதை வகுப்பு தானே காணும். அதன்பின் இரண்டாம் மாணவர் உரக்க அறிவிக்கட்டும். ரவுட்டர் மட்டும் காதைப் பொத்திக்கொள்ளட்டும். இறுதியாக இரு மாணவரிடமும் ஒவ்வோர் அட்டை கொடுத்து விளைவைக் காண்க.

பின்வரும் வினாக்களுக்கு மாணவரை விடை எழுதச் செய்யலாம்.

1. துணைச் சர்வரின் முன்னுரிமை எண் 200, அறிவிப்பு இடைவெளி ஒரு வினாடி எனின், முதற் சர்வர் திடீரென நின்றால் எத்தனை வினாடியில் பொறுப்பு மாறும்? முறைப்படி நிறுத்தினால் எத்தனை வினாடி?

2. கட்டடத்துள் பணி நடந்து, வெளியிலிருந்து வருவோர்க்கு மட்டும் நடக்காவிடில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ஏன்?

3. நான்கு சர்வர்கள் உள்ள குழு இரண்டிரண்டாகப் பிரிந்தால் எப்பிரிவிற்குக் கோரம் உண்டு?

4. பதிவேட்டுச் சர்வரில், பணி சில நிமிடம் நிற்பதும் இரு தலைமை சில நிமிடம் நிலவுவதும் ஆகிய இரண்டனுள் எது ஏற்கத்தக்கது? காரணம் தருக.

முடிவாகக் கூறத்தக்கது இது. பொறுப்பை ஏற்பவர் ஏற்பதற்கு முன், இருந்தவர் விட்டுவிட்டாரா என்பதை உறுதி செய்ய வேண்டும். ஏற்ற பின், அயலார் யாவரும் அறிந்தனரா என்பதை உறுதி செய்ய வேண்டும். முன்னது தவறினால் பதிவு கெடும். பின்னது தவறினால் பணி நிற்கும். இரண்டையும் விடுமுறை நாளில் சோதித்து வைத்திருக்கும் அலுவலகத்தில், வரிசையில் நிற்பவர் ஒரு சர்வர் பழுதானதையே அறியாமல் தம் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்.